கோழி முதலாளியைப் பார்த்தது

பாவ்-யுன் எந்தத் தொழிலில் கால் வைத்தாலும் அந்தத் தொழில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். அவள் கோபித்துக்கொண்டதில்லை. "நான் என்ன பண்ண, ஆ-மின்? நான் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் எறங்கிப் போயிடறான்" என்பாள், டிபன் பெட்டியில் இருக்கும் முட்டையைப் பாதியாக வெட்டி எனக்கு ஒன்றைத் தள்ளிக்கொண்டே.

யுன்லின் கடற்கரையில் சிப்பி வளர்க்கிற குடும்பம் அவளுடையது. பதினாறு வயதில் தைச்சுங் நகரத்துக்கு வந்து செருப்புத் தொழிற்சாலையில் தைக்கச் சேர்ந்தாள். செருப்பெல்லாம் கடல் தாண்டி மலிவான கூலிக்குப் போயிற்று. பிறகு குடைக்கம்பி முடுக்கினாள், குடையும் அதே வழியில் போயிற்று. அப்புறம் பருத்த தொலைக்காட்சிக் குழாய்க்குச் செம்புக் கம்பி சுற்றினாள். உலகம் தட்டையான தொலைக்காட்சிக்கு மாறியதும் அந்தக் கதவும் மூடியது. மூன்று இடத்திலும் கடைசி ஆளாக வெளியே வந்தவள் இவள்தான். மற்றவர்கள் வாசனை பிடித்து முன்னாடியே நழுவிவிடுவார்கள். இவளுக்கு மட்டும் யாராவது கையைப் பிடித்து வெளியே கொண்டுவிட வேண்டும்.

நான்காவதாக எங்கள் இடத்துக்கு வந்தாள். தாயா என்கிற ஊர்ப் பக்கம், கால்வாய்க் கரையில் இருந்த நடுத்தர அளவுத் தொழிற்சாலை. கைபேசியின் மேல் விரல் வைத்தால் அதற்குத் தெரிய வேண்டும் இல்லையா, அந்தக் கண்ணாடியைச் செய்தோம். திரை வேறொருவன் செய்வான், அதன்மேல் ஒட்டுகிற தொடுகண்ணாடி எங்களுடையது. பாவ்-யுன் ஒட்டும் வரிசையில் தலைமை. நான் எதிர் மேசையில் விளக்குக்குக் கீழே பிடித்துக் குமிழி இருக்கிறதா என்று பார்க்கிறவள். பத்து வருடத்துக்கும் மேல் எங்கள் நடுவே இருந்தது ஒரு விளக்குதான். பேசுவதெல்லாம் நான், கேட்பதெல்லாம் அவள்.

முதலாளி பெயர் செங். பட்டறையில் கிரீஸ் கையோடு ஆரம்பித்து முதலாளி ஆனவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் கறுப்புக் கை என்போம், அதில் மரியாதையும் உண்டு, கொஞ்சம் நக்கலும் உண்டு. அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. எந்த இயந்திரத்தின் அடியிலாவது அவருடைய கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மதியம் எங்கள் வரிசையிலேயே நின்று சோறு வாங்குவார். எனக்கு அவரைப் பிடிக்கும். பிடித்ததால்தான் இன்றைக்கும் அவர்மேல் கோபம் தீரவில்லை.

எங்கள் தொழிலில் இரண்டு பாதை இருந்தது. தொடுகண்ணாடியைத் தனியாகச் செய்து திரைமேல் ஒட்டுவது ஒன்று. திரைக்குள்ளேயே அதைப் புதைத்துவிடுவது இன்னொன்று. இரண்டாவது நடந்துவிட்டால் எங்கள் கண்ணாடிக்கு வேலையே கிடையாது. அப்போது யாருக்கும் அது சரியாக வரவில்லை. பத்துக்கு ஆறு கெட்டுப்போகும் என்று பேசிக்கொண்டார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய திரைக் கம்பெனி அந்தப் பாதையில்தான் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் முதலாளி முதல் பாதையில் எல்லாவற்றையும் வைத்தார். இன்னும் மெல்லிசான கண்ணாடி, அதற்கென்று ஒரு புதுக் கூடம், ஜப்பானிலிருந்து வந்த பூச்சு இயந்திரங்கள். நிலம், வீடு, மச்சினனின் கொய்யாத் தோட்டம், எல்லாம் வங்கிக்குப் போயிற்று.

காலைக் கூட்டத்தில் அவர் பேசியது ஞாபகம் இருக்கிறது. "அவங்க பெரிய ஆளுங்க. அவங்களுக்கு அது சரியா வர்றதுக்கு இன்னும் மூணு வருஷமாவது ஆகும். அதுக்குள்ள நாம உலகத்துலயே மெல்லிசா செஞ்சு காட்டிட்டா வாங்கறவன் நம்மள விட மாட்டான். சும்மா இருந்தாலும் சாவோம். செஞ்சு பார்த்துட்டுச் சாவோமே."

எல்லாரும் சிரித்தோம். பாவ்-யுன் சிரிக்கவில்லை. "மூணு வருஷம்னு யாரு சொன்னா இவருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள். அன்றைக்கு முழுவதும் அவள் பேசியது அவ்வளவுதான்.

புது இயந்திரங்கள் வந்ததும் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பச்சைப் பொட்டலம் வைத்தோம். தேங்காய்ப் பொரி அடைத்தது. சமர்த்தாக இரு என்பதுதான் அந்தத் தின்பண்டத்தின் பெயரே. பச்சை நிறம் மட்டும்தான் வைக்கலாம், தேதி தாண்டக் கூடாது, யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. முதலாளியே கடைக்குப் போய் வாங்கி வந்தார். இயந்திரங்கள் உண்மையிலேயே சமர்த்தாக இருந்தன. ஒரு நாள்கூட நின்றதில்லை. ஆர்டர்தான் நின்றது.

மூன்று வருடம் என்றாரே, ஒன்றரை வருடத்தில் அந்தக் கரைக்காரர்களுக்குச் சரியாக வந்துவிட்டது. முதலில் எங்களிடம் வாங்குகிறவன் அளவைக் குறைத்தான். பிறகு விலையைக் குறைக்கச் சொன்னான். அப்புறம் தொலைபேசியை எடுப்பதையே குறைத்தான். புதுக் கூடத்தில் மூன்று வரிசையில் ஒன்றுதான் ஓடிற்று. மீதி இரண்டையும் தினமும் துடைத்து வைத்தோம். கூடுதல் நேர வேலை போனது. வெளியாட்கள் வந்தால் எல்லா விளக்கையும் போடச் சொல்வார்கள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் லூ என்கிற ஆள் பாவ்-யுன்னைத் தேடி வந்தான். கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியில் உற்பத்தி மேலாளர். நாங்கள் சோயாப் பால் குடிக்கிற காலைக் கடையில் வந்து எங்கள் மேசையிலேயே உட்கார்ந்தான். நல்ல சட்டை, தேய்ந்த செருப்பு. அவனும் தூங்கி நாளானவன்போல இருந்தான்.

"அக்கா, சுத்தி வளைக்கல. எங்களுக்கு ஒட்டற வரிசைக்குத் தலைமை வேணும். வெளிக் கண்ணாடி எங்களுக்கும் ஒட்டணும் இல்லையா. உங்க பேரைத்தான் எல்லாரும் சொல்றாங்க. நிரந்தர வேலை."

"எனக்கு நாப்பத்தாறு ஆகுது" என்றாள் பாவ்-யுன்.

"தெரியும்கா. அடுத்த வருஷம் மேலிடத்துல நாப்பத்தஞ்சுக்கு மேல எடுக்காதேம்பாங்க. இப்பன்னா நான் கையெழுத்து வாங்கிடுவேன். புத்தாண்டு லீவுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்க்கணும். என்னையும் நெருக்கறாங்க."

அவன் எழுந்து போனான். பாவ்-யுன் எண்ணெய்ப் பலகாரத்தைப் பாலில் முக்கி எடுத்துக்கொண்டு சொன்னாள்: "வாழ்க்கையில மொத தடவையா மூடறதுக்கு முன்னாடியே ஒருத்தன் கூப்பிடறான், ஆ-மின்."

"அப்புறம் என்ன யோசனை? இன்னிக்கே போ."

"நம்ம இடம் மூடப்போவுதுன்னு யாரு சொன்னா?"

"ரெண்டு வரிசை சும்மா கெடக்கே, அது சொல்லலையா? உனக்கென்ன கண்ணா, புண்ணா?"

"முதலாளிகிட்ட வேற கம்பெனி பேசிட்டு இருக்கறதா சொல்றாங்க. காருக்குள்ள வைக்கற கண்ணாடி. அது வந்தா மூணு வரிசையும் ஓடும். இப்ப நான் போனா என் வரிசைப் பொண்ணுங்க பன்னெண்டு பேரும் யாரைப் பார்த்து நிப்பாங்க?"

வீட்டில் அவள் கணவன் ஜின்-தெங், சின்ன லாரி ஓட்டுகிறவன், போய்விடு என்று ஒரே பிடியாகச் சொன்னான். மகள் செவிலியர் படிப்பில் இருந்தாள், அவளும் அதையேதான் சொன்னாள். எல்லாருக்கும் இவள் ஒரே பதில் வைத்திருந்தாள். ஆண்டுக்கடைசி விருந்து வரட்டும், கோழியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

கோழி விஷயம் எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். நிலாக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம், புத்தாண்டுக்கு முன்னால், முதலாளி தொழிலாளிகளுக்கு விருந்து வைப்பார். தலையோடு அவித்த முழுக்கோழி மேசைக்கு வரும். அதன் அலகு யாரைப் பார்க்கிறதோ அவருக்கு அடுத்த வருடம் வேலை இல்லை. வாயால் சொல்ல வேண்டியதில்லை, அவர் தின்றுவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். இப்போதெல்லாம் யார் அப்படிச் செய்கிறார்கள்? முக்கால்வாசி இடத்தில் தலையை வெட்டிவிட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். எங்கள் முதலாளிக்கு அது பிடிக்காது. ஆரம்பித்த வருடம் சுழல்தட்டு மேசையில் கோழியை வைத்தபோது, அலகு தன் பக்கம் வந்துவிடுமோ என்று யாருமே தட்டைச் சுழற்றவில்லையாம். எல்லாச் சாப்பாடும் ஆறிக்கொண்டிருந்ததாம். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து அலகைத் தன் நாற்காலிப் பக்கம் திருப்பி, "இந்தா, என்னைப் பார்த்தாச்சு, சாப்பிடுங்க" என்றாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அதுதான் விருந்தின் தொடக்கம். யாரையும் அனுப்பவில்லை என்று அர்த்தம். அவர் திருப்புவார், நாங்கள் கை தட்டுவோம், அப்புறம்தான் முதல் வாய்.

"உன் வாழ்க்கையை ஒரு கோழிகிட்ட கொடுக்கறியா?" என்று அவளைத் திட்டினேன்.

"கோழிகிட்ட இல்ல. முதலாளிகிட்ட. பேச்சுல எல்லாரும் மழுப்புவாங்க. அந்தத் தட்டுல அவரு பொய் சொல்ல மாட்டாரு."

அது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

விருந்தைத் தொழிற்சாலை முற்றத்திலேயே வைத்தார்கள். பந்தல், சிவப்பு மேசைவிரிப்பு, சமையல்காரரின் பெரிய அடுப்புகள், வெளிச்சம் மங்குவதற்கு முன்பே எல்லாரும் வந்துவிட்டோம். போன வருடத்தைவிட மேசைகள் குறைவு. குலுக்கல் பரிசில் மின்விசிறியும் சோறு வேகவைக்கும் பானையும்தான். பாவ்-யுன் முதலாளி மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள், வரிசைத் தலைமைகள் அங்கேதான் உட்கார வேண்டும். நான் பக்கத்து மேசையில்.

கோழி வந்தது. முதலாளி எழுந்தார். தட்டைத் தன் பக்கம் திருப்பினார். வழக்கமாக ஒரு கையால் சுழற்றிவிட்டுச் சிரிப்பார். அன்றைக்கு இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். அலகு அவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இந்த வருஷம் என்னைத்தான் பார்க்குது" என்றார். சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

நாங்கள் கை தட்டினோம். பயத்தோடு வந்தவர்கள் இல்லையா, போன வருடத்தைவிடப் பலமாகத் தட்டினோம். சிலர் விசில் அடித்தார்கள். பொட்டலம் கட்டுகிற பிரிவில் ஒருத்தி அழுதேவிட்டாள். முதலாளி தட்டை விட்டுவிட்டு உட்கார்ந்தார். பாவ்-யுன் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகம் அப்படி லேசாகி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மறுநாள் காலைக் கடையில் வைத்தே லூவுக்குப் போன் செய்தாள். "இல்ல தம்பி, மன்னிச்சுக்கோ. எங்க முதலாளி எங்களை வேலையில வச்சிருக்காரு" என்றாள். அவன் மறுபக்கத்திலிருந்து, சரிக்கா, உடம்பைப் பார்த்துக்கங்க என்றான்.

புத்தாண்டு விடுமுறை முடிந்து வேலை தொடங்குகிற நாள், வழக்கப்படி ஆரஞ்சுப் பழத்தோடு போனோம். வாசலில் படையல் மேசை இல்லை. பழம் இல்லை, ஊதுவத்தி இல்லை, பட்டாசும் இல்லை. வாயில் காவலர் யென் அண்ணன் இரும்புக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே, மேசை போடலையா?" என்று கேட்டேன்.

"போட வேண்டாம்னுட்டாரு" என்றார் அவர். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "வங்கிக்காரங்க நாளைக்கு வர்றாங்க. மிஷினுக்கெல்லாம் சீல் வைக்க."

சத்தம் கிளம்பிற்று. சிலர் கதவை ஆட்டினார்கள், சிலர் கெட்ட வார்த்தை சொன்னார்கள். அதில் என் குரலும் இருந்தது. பாவ்-யுன் ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்துவிட்டு யென் அண்ணனிடம் போனாள். "என்னை மட்டும் விடுங்கண்ணே. சண்டை போட மாட்டேன்." அவள் சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை, அதனால் விட்டார். பின்னாலேயே நானும் நுழைந்துவிட்டேன்.

முதலாளி புதுக் கூடத்தில் இருந்தார். ஏணியில் ஏறி நின்று ஒவ்வொரு இயந்திரத்தின் மேலிருந்தும் பச்சைப் பொட்டலத்தை எடுத்துக் கடைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். விளக்கு ஒன்றுதான் எரிந்தது. காலடிச் சத்தம் கேட்டு இறங்கி வந்தார். பத்து வருடம் வயசானவர்போல இருந்தார் என்று சொல்ல ஆசைதான், அப்படியெல்லாம் இல்லை. விடுமுறையில் முடி வெட்டியிருந்தார்.

"இதை அவங்ககிட்ட விட்டுட்டுப் போக மனசு வரலை" என்றார் பையைக் காட்டி. "வேற இடத்துல போய் இது என்ன வேலை செய்யும்."

"கார்க் கண்ணாடி ஆர்டர்?" என்று கேட்டேன்.

"அது விருந்துக்கு முந்தின வாரமே போச்சு. நம்மளவிடச் சின்னவன் ஒருத்தன், நமக்குக் கட்டாத வெலைக்கு எடுத்துட்டான். அவனுக்கும் கட்டாது. அவனும் போவான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தெரிஞ்சுக்கிட்டேவா அன்னிக்கு எங்க முன்னாடி நின்னீங்க? கோழி உங்களைத்தானே பார்த்துச்சு?"

"ஆமா" என்றார் அவர். "நான்தான் போறேன்னு சொன்னேன்."

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்த இயந்திரங்கள் ஓடாதபோது அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியலை, ஆ-மின். வெளிய தெரிஞ்சா கண்ணாடி கொடுக்கறவன் அன்னிக்கே லாரியத் திருப்பிடுவான். உங்களுக்கு லீவுச் சம்பளமாவது வந்து சேரணும்னு பார்த்தேன். அதான் தட்டுல சொன்னேன். பிடிச்சுக்கிட்டே நின்னேன். யாராவது ஒருத்தர் எந்திரிச்சு என்ன முதலாளின்னு கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"நாங்க கை தட்டினோம்" என்றாள் பாவ்-யுன்.

"தட்டினீங்க."

பிறகு அவர் அவளைப் பார்த்தார். "எதிர்க் கம்பெனியில உன்னக் கூப்பிட்டாங்கன்னு காதுல விழுந்தது. நீயாவது போயிருப்பேன்னு நெனச்சேனே?"

"கோழி உங்களப் பார்த்துச்சு. அதனால போகலை" என்றாள் அவள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, மணி என்ன என்று கேட்டவனுக்குச் சொல்வதுபோல. முதலாளி பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த பொட்டலத்தை அவளிடம் நீட்டினார். "எடுத்துக்கோ. தேதி தாண்டலை" என்றார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்து நான்தான் அழுதேன், கத்தினேன், வழியெல்லாம் அவரைத் திட்டினேன். ஒரே கை, ஒரே தட்டு, ஒரே கோழி. அது போன வருடம் ஒன்று சொல்லும், இந்த வருடம் அதற்கு நேர்மாறாகச் சொல்லும் என்றால் நாங்கள் எப்படிப் படிப்பது? பாவ்-யுன் பஸ் நிறுத்தத்தில் நின்று பொட்டலத்தைப் பிரித்தாள். பிரிக்கக் கூடாது என்று வாய்வரை வந்தது, விட்டுவிட்டேன். பொரியை ஒவ்வொன்றாகத் தின்றாள். பஸ் வந்தபோது காலிப் பொட்டலத்தை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு ஏறினாள்.

லூவுக்கு அவள் போன் செய்யவில்லை. நான் செய்தேன். இடம் நிரம்பிவிட்டது என்றான், உண்மையாகவே வருத்தப்பட்டான். ஆள் அனுப்புகிற ஒப்பந்தக்காரர் ஒருவரின் எண்ணைக் கொடுத்தான். அந்த வழியாகத்தான் நாங்கள் இருவரும் கால்வாயைத் தாண்டினோம். நிரந்தர ஆட்களுக்கு வெள்ளைத் தொப்பி, எங்களுக்கு நீலம். ஒட்டும் வரிசைக்குத் தலைமை, முப்பது வயதுப் பெண் ஒருத்தி, நல்லவள்தான். பாவ்-யுன் அந்த வரிசையின் கோடியில் அட்டைப் பெட்டி மடிக்கிறாள். அவளிடம் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், கோபம் வரவில்லையா, நெஞ்சு அடைக்கவில்லையா என்று. "வரணும்னுதான் நானும் பார்க்கறேன். ஒண்ணும் வர மாட்டேங்குது" என்றாள் ஒருமுறை. உண்மையைத்தான் சொன்னாள். அந்த ஒரு வருடமாக அவள் எதற்கும் சிரித்து நான் பார்க்கவில்லை, எதற்கும் சலித்தும் பார்க்கவில்லை. முட்டையைப் பாதியாக வெட்டி எனக்குத் தள்ளுவது மட்டும் நிற்கவில்லை.

இந்த வருட விருந்து ஓட்டல் மண்டபத்தில் நடந்தது. நீலத் தொப்பிகளையும் கூப்பிட்டிருந்தார்கள், கழிவறைக் கதவுப் பக்கத்து மேசைகள் எங்களுக்கு. பெரிய திரையில் மேலதிகாரி ஒருவர் பேசினார். அடுத்த தலைமுறை மடிக்கும் திரையாம், வேறு யாரும் அதற்குள் வர மூன்று வருடம் ஆகுமாம், அதில்தான் எல்லாவற்றையும் வைக்கப்போகிறார்களாம். மண்டபம் கை தட்டியது. லூவும் முன் மேசையில் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தான்.

கோழி வந்தது. பளபளவென்று எண்ணெய் தடவி, துண்டு போட்டு, கோழியின் வடிவத்திலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். கழுத்தோடு முடிந்திருந்தது.

பரிமாறிய பெண்ணைப் பாவ்-யுன் கையைக் காட்டி நிறுத்தினாள். "தலை எங்கம்மா?"

"சமையல்கட்டுலயே வெட்டிடுவோம் ஆன்ட்டி. யாரு மனசும் கஷ்டப்படக் கூடாதுன்னு."

பாவ்-யுன் தலையாட்டினாள். அந்தப் பெண் போன பிறகு சுழல்தட்டில் கை வைத்தாள். வெட்டுப்பட்ட கழுத்து தன் பக்கம் வரும்வரை மெதுவாகத் திருப்பி நிறுத்தினாள். மேசையில் இருந்த மற்ற நீலத் தொப்பிகளுக்கு என்னவென்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எதையாவது சொல்லி அவளைத் தடுக்க நினைத்தேன், முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை.

"என்னப் பார்த்தாச்சு" என்றாள் அவள். "சாப்பிடுங்க."

கழுத்தை ஒட்டிய துண்டை எடுத்துத் தன் கிண்ணத்தில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை எடுத்து எனக்கு வைத்தாள். நன்றாக வெந்திருக்கிறது என்றாள்.